ரேணிகுண்டா வெயிலும் லே பனியும் தாங்கும் ஷூ

மார்கழி விடியலில் திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு ஓர் இயற்பியல் பாடம் இலவசம். அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் ஏறி முடிக்கும்வரை உடம்பு கொதிக்கும். மேலே போய், மாட வீதிக் கல்தளத்தில் வெறுங்காலோடு நின்ற பிறகுதான் குளிர் உள்ளங்காலைக் கடிக்கும். பக்கத்தில் ஒரு மரப்பலகை கிடந்தால் கால் தானாக அதன்மேல் ஏறும். இத்தனைக்கும் இரவு முழுக்க ஒரே பனியில் கிடந்த கல்லும் பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன.

இரண்டும் 18 டிகிரியில் இருப்பதாகவும், உள்ளங்கால் 30 டிகிரியில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கல்லை மிதித்த கணத்தில், தோலும் கல்லும் தொடும் இடம் ஏறத்தாழ 22 டிகிரிக்கு இறங்கிவிடும். பலகையை மிதித்தால் 27-ஐ ஒட்டி நிற்கும். வெப்பத்தை வாங்கி உள்ளே கடத்திவிடும் வேகம் கல்லுக்கு அதிகம், மரத்துக்குக் குறைவு. காலுக்குத் தெரிவது தரையின் வெப்பநிலை அல்ல, தரை நம்மிடமிருந்து வெப்பத்தைப் பறிக்கும் வேகம். காலணி அறிவியலின் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

மலையில் இது சில நிமிட அவஸ்தை. அடிவாரத்தில், திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு வந்து போகும் விமானிகளுக்கு இதுவே பணிச்சூழல். காலையில் இங்கே தரையிறங்கும் விமானம் ஹைதராபாத் போகும். அதை ஓட்டியவரே மாலையில் டெல்லிக்கு இன்னொன்றை ஓட்டிப் போகலாம். இங்கே ஜனவரிப் பகலில்கூட முப்பது டிகிரி. அங்கே மூடுபனிக்குள் ஆறு டிகிரி. மறுநாள் பணிப்பட்டியலில் லே என்று இருந்தால், கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில், காலை வேளையில், உறைநிலைக்குப் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிய தளத்தில் கால் வைக்க வேண்டும். லேயில் பிற்பகல் காற்று முரட்டுத்தனமானது. அதனால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடும். அதாவது, நாளின் மிகக் குளிர்ந்த பகுதிதான் விமானிக்கு வாய்க்கிறது.

பெட்டியில் இடம் கொஞ்சம். ஒரே ஜோடி ஷூ. அதுவும் கறுப்பாக, பாலிஷ் ஏற்கக்கூடியதாக, சீருடைக் கால்சட்டைக்குக் கீழே அடக்கமாகத் தெரிய வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்களின் சீருடை விதி அப்படித்தான் சொல்கிறது. பனிக்கென்று செய்த முரட்டு பூட்ஸைப் போட்டுக்கொண்டு பயணிகள் முன்னால் நடக்க முடியாது.

சூடேற்றிய விமானி அறையில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறை புறப்படுவதற்கு முன்பும் இருவரில் ஒரு விமானி இறங்கி விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும். சக்கரம், பிரேக், எஞ்சின் வாய், இறக்கையின் முன்விளிம்பு, காற்றின் வேகத்தை அளக்கும் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பத்து நிமிடமாவது ஆகும். ஒரு நாளில் நான்கு முறை பறந்தால் இந்தச் சுற்றும் நான்கு முறை உண்டு. இரண்டாவது இடம் வானம். விமானம் ஏற ஏற வெளியே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 56. விமானத்தின் மூக்குப் பகுதி குறுகலானது, மூன்று பக்கமும் வெளிக்காற்றுக்கு அருகில் இருப்பது. பெடல்கள் அதற்குள்தான் இருக்கின்றன. தலைக்குமேல் வெயில் சுட, பாதம் சில்லிட்டுக் கிடப்பது விமானிகளின் பழைய புகார். போயிங் 737-இல் பாதத்தின் பக்கம் சூடான காற்றைத் திருப்பிவிடத் தனியாக ஒரு குமிழே உண்டு.

பாதமும் தன் பங்குக்கு ஒத்துழைக்காது. அதில் வெப்பம் உண்டாக்கும் தசை குறைவு, வெப்பம் இழக்கும் பரப்பு அதிகம். உடம்பின் மையம் குளிரத் தொடங்கினால் மூளை முதலில் மூடுவது கால்விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான். விரல் நுனிகளில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் சிறு கால்வாய்கள் உண்டு. குளிரில் அவை இறுகிக்கொள்ளும். ஆகவே கால் ஜில்லிட்டால் ஷூவை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. தலையும் உடம்பும் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வைத்தியம். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணிப்பது இரட்டைக் கேடு. வெப்பத்தைக் காக்கும் காற்றிடைவெளி நசுங்குகிறது, ரத்த ஓட்டமும் நசுங்குகிறது. பறக்கும்போது அறையின் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதைப் போன்ற அளவுக்கு இறங்கலாம். மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பதால் கால் வீங்கும். காலையில் கடையில் கச்சிதமாக இருந்த ஷூ, மூன்றாவது பயணத்தில் கடிக்கும். மாலையில், அணியப்போகும் அதே கம்பளி சாக்ஸோடு போய் அளவு பார்ப்பவர் புத்திசாலி.

தெற்கிலிருந்து கிளம்பும் விமானிக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐரோப்பியக் கடைகளுக்கான குளிர்கால ஷூக்களை வடிவமைக்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. அவருடைய கால் குளிருக்குள் ஈரமாகவே நுழைகிறது. இரு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ரேணிகுண்டாவின் காங்கிரீட் தளத்தில் பத்து நிமிடம் சுற்றினாலே சாக்ஸ் நனைந்துவிடும். நனைந்த பருத்தி சாக்ஸோடு மூன்று மணி நேரம் கழித்து டெல்லிப் பனியில் இறங்கினால் என்ன ஆகும்? காய்ந்த கரித்துணியால் அடுப்பிலிருந்து பானையை இறக்கலாம், ஈரக் கரித்துணியால் இறக்கினால் கை வெந்துவிடும். இங்கே வெப்பம் போகும் திசை மட்டும் எதிர். நீர், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால், எவ்வளவு தடித்த ஷூவும் பாதியளவுதான் ஷூ.

கம்பளி இந்த இடத்தில் பருத்தியை எளிதாகத் தோற்கடிக்கிறது. தன் எடையில் முப்பது சதவீதம்வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல் இருக்காது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். திருப்பதிக்காரர் கம்பளி சாக்ஸா என்று சிரிப்பவர்கள், மெரினோ ஆட்டின் ரோமத்தில் நெய்த மெல்லிய சாக்ஸை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம். அது சொரசொரப்பான பழைய கம்பளி அல்ல. என் தீர்ப்பில், ஷூவுக்குச் செலவிடும் முதல் ஐந்நூறு ரூபாய் இதற்குத்தான் போக வேண்டும்.

வியர்வையை வெளியேற்றி மழையைத் தடுக்கும் சவ்வு வைத்த ஷூக்கள் விலை அதிகம். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் டெஃப்லான் பொருளை வேகமாக இழுத்து நீட்டியபோது கிடைத்த நுண்துளைப் படலத்திலிருந்து வந்த தொழில்நுட்பம் அது. துளைகள் நீர்த்துளியைவிட மிகச் சிறியவை, நீராவி மூலக்கூறைவிடப் பெரியவை. ஆனால் சவ்வு ஒரு பம்பு அல்ல. உள்ளே நீராவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஈரம் வெளியே போகும். ஷூவுக்குள் 35 டிகிரியில் நிறைந்த ஈரம் என்றால் அழுத்தம் 56 ஹெக்டோபாஸ்கல். ரேணிகுண்டாவில் அதே 35 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் வெளி அழுத்தம் 34. வித்தியாசம் 22. டெல்லியில் 5 டிகிரி, கண் தெரியாத மூடுபனி, ஈரப்பதம் நூறு சதவீதம். அங்கே வெளி அழுத்தம் வெறும் 9. வித்தியாசம் 47. சொட்டச் சொட்ட நனைந்த டெல்லிப் பனிக்குள், ரேணிகுண்டா வெயிலில் இருப்பதைவிட இரு மடங்கு உந்துதலோடு ஷூ காயும்! ஆகவே சவ்வு ஷூ வடக்கே தன் வேலையைச் செய்யும், தெற்கே கால் அதற்குள் வேகும். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வடக்கே போகிறவருக்கு அது வீண்செலவு என்பேன்.

இனி அடிப்பாகம். குளிருக்கு நல்லது தடித்த சோல். விமானிக்கு நல்லது மெல்லிய சோல். குதிகாலைத் தரையில் ஊன்றி, பெடலை மெல்ல அழுத்தி அவர் விமானத்தின் திசையைத் திருத்துகிறார். பெடலின் மேல்பகுதியை முன்பாதத்தால் சாய்த்தால் பிரேக். சுழலி பூட்டிய ஏடிஆர் விமானங்களில் எஞ்சின் விசை மாறும்போதெல்லாம் மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். அங்கே காலுக்கு வேலை இன்னும் அதிகம். சோல் பஞ்சுபோல் அமுங்கினால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கால் வழியாகத் தெரியாது. விளிம்பு அகலமாக நீட்டிக்கொண்டிருந்தால் பெடலின் ஓரத்தில் இடறும்.

ஆழமான பள்ளங்கள் வெட்டிய மலையேற்ற சோலும் உதவாது. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் தோழர்களைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி 1937-இல் கொண்டுவந்த வடிவம் அது. பாறைக்கு அருமை. விமானத் தளத்திலோ அந்தப் பள்ளங்கள் சரளைக்கல்லைக் கவ்விக்கொண்டு வரும். தளத்தில் சிதறும் கல் எஞ்சினுக்கு எதிரி. பள்ளத்தில் அடைந்த பனி, அறைக்குள் உருகி பெடலடியில் குளமாகும். நேர் எதிர்க் கோடியில் இருக்கும் தோல் சோல் பார்க்க மிக அழகு. ஆனால் ஈரமான அலுமினியப் படிக்கட்டில் அது கால் எலும்புக்கு ஆபத்து. நடுவழியாக, இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோவில் பிறந்த டைனைட் வகை ரப்பர் சோல் இருக்கிறது. வட்டக் குமிழ்கள் அடிப்பரப்பில் தாழ்வாகப் பதிந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் சாதாரண ஃபார்மல் ஷூ. பிடிப்பு உண்டு, கல் சிக்காது.

எந்தப் பொருளில் செய்த சோல் என்பதும் முக்கியம். ஒவ்வொரு பாலிமருக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதை நெருங்க நெருங்க, நெகிழ்ந்து தரையைப் பற்றும் தன்மை போய் விறைத்துவிடும். இயற்கை ரப்பருக்கு அது மைனஸ் 70-ஐ ஒட்டி இருக்கிறது. லேயின் குளிர் அதற்கு ஒரு பொருட்டல்ல. மலிவு ஷூக்களின் பிவிசி சோல் உறைநிலையிலேயே பலகையாகிவிடும், பிறகு வழுக்கும்.

குளிரைவிட இந்த ஷூவுக்குப் பெரிய எதிரி வெளியூரில் இல்லை, வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு தெற்கத்தி விமானியின் குளிர்கால ஷூ வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கும். சித்தூரிலோ திருப்பதியிலோ, நாற்பது டிகிரி தாண்டும் கோடையையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவமழையையும் அது பெட்டிக்குள் இருந்தபடியே கடக்கிறது. பாலியூரித்தேன் நுரையில் செய்த சோல் எடை குறைவு, மென்மை, குளிரையும் தடுக்கும். கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். அதன் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றிலிருக்கும் ஈரம் மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பம் கூடினால் அறுக்கும் வேகமும் கூடும். நீராற்பகுப்பு என்பது இதுதான். மேலே தோல் புத்தம்புதிதாக மின்னும். நாலைந்து வருடம் கழித்துப் போட்டு நடந்தால் சோல் கேக்குத் துண்டுபோல் உதிரும். ஷூவை அடிக்கடி போட்டுக்கொண்டே இருந்தாலும் தப்பிக்க முடியாது. ஈரமும் வெப்பமும் இருக்கும்வரை வேதிவினை நிற்காது. டெல்லி விமானத் தளத்தில், இருட்டில், சோல் பாதியாகக் கழன்ற ஷூவோடு நிற்கும் விமானியைக் கற்பனை செய்யுங்கள். அவருடைய ஷூவைக் கெடுத்தது வடக்கின் பனியல்ல, சொந்த ஊரின் புழுக்கம்.

கார் டிக்கியும் அப்படித்தான். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம், சோலை ஒட்டிய பசை இளகும் அளவுக்குச் சூடேறும். ஒட்டிய ஷூ வாய் பிளக்கும். தைத்த ஷூ பிளக்காது. மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைக்கும் குட்இயர் வெல்ட் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழசு. அதில் இரண்டு உபரி லாபங்கள் உண்டு. தேய்ந்த சோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளடிக்கும் சோலுக்கும் நடுவே வரும் பள்ளத்தைப் பெரும்பாலும் தக்கைத் தூளால் நிரப்புவார்கள். தக்கை என்பது காற்றறைகளால் ஆன மரப்பட்டை. அதுவே கல்தளத்துக்கும் காலுக்கும் நடுவே கிடக்கும் மரப்பலகை.

இப்படிப்பட்ட ஷூவுக்கு லண்டன் போக வேண்டாம். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து பெங்களூரு சாலையில் இன்னும் ஐம்பது போனால் ஆம்பூர். ராணிப்பேட்டையும் பக்கம்தான். மேல்நாட்டுக் கடைகளில் அடுக்கியிருக்கும் தோல் ஷூக்களில் கணிசமானவை இந்தப் பாலாற்றுக் கரையில் மேல்தோல் வெட்டி, கால்வடிவ அச்சில் ஏற்றி, தைத்து அனுப்பப்பட்டவை. இந்த ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டம். அதன் தலைநகரம் சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோதுதான் தலைநகரம் வேலூருக்கு மாறியது. பிறகு மாநில எல்லையும் நடுவே வந்தது. ஆனால் ஆவாரஞ்செடிக்கு எல்லை தெரியாது. அதன் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த தொட்டிகளில் பதப்படுத்திய தோல்தான் சென்னை மாகாணத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது.

தோல் என்பது கொலாஜன் இழைகளின் பின்னல். பச்சைத் தோலை நீரில் போட்டுச் சூடேற்றினால் 65 டிகிரியை ஒட்டிச் சுருங்கிவிடும். ஆவாரம்பட்டையின் டானின் அதைச் சற்று உயர்த்தும். குரோமியம் உப்போ இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு போட்டு 100 டிகிரிக்கும் மேலே கொண்டுபோகும். இந்த முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைக் கலைப் பள்ளியில் இருந்துகொண்டே அவர் சோதனைகளை நடத்தினார். பல்லாவரத்தை ஒட்டி எழுந்த குரோம் தோல் கம்பெனிதான் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது. குரோம் தோல் மெல்லியது, நீரைச் சுலபமாக உறிஞ்சாது, நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. விமானி ஷூவின் மேல்பகுதிக்கு அதுதான் சரி. அதற்கான விலையைப் பாலாறு கொடுத்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலூர் மக்கள் வழக்கு தொடுத்து, 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பற்றித் தீர்ப்பளிக்கும்வரை, எத்தனையோ கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. ஒரு ஜோடியைப் பத்து வருடம் உழைக்க வைப்பது பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை.

திருப்பதி மாவட்டத்திலேயே, தடாவை அடுத்த மாம்பட்டில் அடிடாஸுக்கு விளையாட்டு ஷூ தைக்கும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. அப்படி ஒன்றைக் கறுப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே? சீருடை விதியை விட்டுவிட்டாலும் என் பதில் வேண்டாம் என்பதே. விமானத்தில் தீப்பிடித்தால் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியில் இறங்க வேண்டியவர் விமானி. விளையாட்டு ஷூவின் நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகித் தோலில் ஒட்டும். தோல் ஷூ கருகும், உருகாது.

கணுக்காலை மூடும் உயரம் நல்லது; கால்சட்டையின் கீழ்வாய் வழியே குளிர்காற்று ஏறாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை 1943-இல் கொடுத்த பூட்ஸில், கம்பளி ரோமம் வைத்த மேல்பகுதியைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டால் கீழே சாதாரண கறுப்பு ஷூ மிஞ்சும். எதிரி நாட்டில் விழுந்த விமானி ஊர்க்காரரைப்போல நடந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு அது. ஃபார்மலும் குளிர்காலமும் ஒரே ஷூவில் சேர்ந்ததற்கு அதைவிடத் தீவிரமான காரணம் இருக்க முடியாது. இன்று அந்த இடத்தில், பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த செல்சி பூட் இருக்கிறது. கழற்றுவது சுலபம். ஆனால் வீங்கும் காலுக்கு ஏற்பத் தளர்த்த நாடா இல்லை. நாள் முழுக்கப் போட்டிருப்பவருக்கு நாடா வைத்த கணுக்கால் ஷூவே மேல். உள்ளே எஃகுத் தகடு வைத்த ஷூவைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு பாதுகாப்புச் சோதனையிலும் கருவி கத்தும்.

பெண் விமானிகளின் விகிதம் உலகிலேயே அதிகமுள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் பெண்களுக்கான ஃபார்மல் ஷூ என்ற பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் காகிதம்போன்ற சோல் வைத்த, மேல்பாதம் திறந்த வகை. சிறிய பாதம் சீக்கிரம் குளிரும், அதற்குத்தான் நல்ல ஷூ அதிகம் தேவை. ஆம்பூரின் ஏற்றுமதிக்காரர்கள் உள்ளூரில் கவனிக்க வேண்டிய சந்தை இது.

ஆக, நான் வாங்கச் சொல்வது: குரோம் தோல் மேல்பகுதி, கணுக்கால் உயரம், நாடா, தைத்த வெல்ட், தாழ்ந்த குமிழ் வைத்த ரப்பர் சோல், உள்ளே அரை அளவு தாராளம். ரோம உள்ளுறை வேண்டாம், தெற்கே அது தண்டனை. குளிர் கூடும் நாளில் கம்பளி நமதா (ஃபெல்ட்) உள்ளடி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம், இங்கே திரும்பியதும் உருவிவிடலாம். ரேணிகுண்டாவில் போட்டிருந்த சாக்ஸை, வடக்கே கதவு திறக்கும் முன் மாற்றிவிட வேண்டும். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ், எந்தச் சவ்வையும்விட மலிவான தொழில்நுட்பம்.

நனைந்த ஷூவை வெயிலிலோ ஹீட்டர் முன்போ வைக்காதீர்கள். நாளிதழைச் சுருட்டி உள்ளே அடைத்து நிழலில் விடுங்கள். ஏற்கெனவே பாலியூரித்தேன் சோல் வைத்த ஷூ வீட்டில் இருந்தால், நவம்பரிலேயே வெளியே எடுத்துச் சோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மடக்கிப் பாருங்கள். விரிசல் விட்டாலோ மாவுபோல் உதிர்ந்தாலோ அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பாதீர்கள்.